ஜெகிலும் ஹைடும் பிடிக்காத மகன்

வாசகர் கடிதம்

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் ஈரோடு. கல்யாணமாகி வந்ததிலிருந்து இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸில் இருக்கிறோம். மகனுக்குப் பதினைந்து வயது, இயர் 10 படிக்கிறான். சின்ன வயதில் புத்தகமும் கையுமாகத் திரிந்த பிள்ளை. இப்போது பள்ளியில் ஜிசிஎஸ்இ (பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வு) ஆங்கில இலக்கியத்துக்கு ‘டாக்டர் ஜெகில், மிஸ்டர் ஹைட்’ நாவலை வைத்திருக்கிறார்கள். அதைத் தொடவே மாட்டேன் என்கிறான். “செம போர்மா. எவனோ ஒரு வக்கீல் நடந்துகிட்டே இருக்கான். இதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கிறான். மாக் எனப்படும் மாதிரித் தேர்வில் கிரேடு 3 வாங்கியிருக்கிறான், 9தான் உச்சம். தினமும் பத்துப் பக்கம் என்று பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்க வைக்கிறேன். அது சண்டையில்தான் முடிகிறது. மற்ற நேரத்தில் மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதையும் ஃபுட்பால் வீரர்களின் வாழ்க்கைக் கதையும்தான் படிக்கிறான். நானெல்லாம் அவன் வயதில் ஒரே கோடை விடுமுறையில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் முடித்தவள். என் கணவரோ, “இலக்கியமா சோறு போடப் போகுது, கணக்கைப் பார்க்கட்டும்” என்கிறார். உலகமே கொண்டாடும் நாவல் என் மகனுக்கு மட்டும் பிடிக்கவில்லை என்றால் அவனிடம் ஏதாவது குறை இருக்கிறதா? அவனுக்கு அதை எப்படிப் பிடிக்க வைப்பது? டியூஷன் வைக்கலாமா?

— ஒரு தாய், மில்டன் கீன்ஸ்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனிடம் குறை எதுவும் இல்லை. ஒரு நாவல் ஒருவனுக்குப் பிடிக்காமல் போவது, அவன் படிக்கத் தெரிந்தவன் என்பதற்கே ஓர் அடையாளமாக இருக்கலாம். நான் இங்குள்ள பள்ளிகளில் பல ஆண்டுகளாக ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இதே நாவலை வகுப்பு வகுப்பாக நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் உங்கள் மகன் மாதிரி பிள்ளைகள் இருக்கிறார்கள், அதுவும் பின்வரிசையில் மட்டும் இல்லை. இந்த நாட்டில் எட்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் நேஷனல் லிட்டரசி டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. ஓய்வு நேரத்தில் படிப்பது பிடிக்கும் என்று சொல்பவர்கள் இப்போது ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். பையன்களில் அதைவிடக் குறைவு. அப்படிப் பார்த்தால், மங்காவும் ஃபுட்பால் புத்தகமும் விரும்பிப் படிக்கும் உங்கள் மகன் அந்த மூன்றில் ஒருவனாகத்தான் இருக்கிறான். அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ‘எப்படிப் பிடிக்க வைப்பது’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. பிடிக்க வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். ஆனால் ‘போர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு அவன் தப்பித்துவிடவும் கூடாது. எது போர், எந்தப் பக்கத்தில் ஆரம்பித்தது, ஏன் என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்த இடத்துக்கு அவனைக் கொண்டு வந்துவிட்டால் தேர்வும் தானாகக் கைக்குள் வந்துவிடும். அது எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், இந்தப் புத்தகம் அவன் கைக்கு எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அவனுடைய டீச்சர் ஆசைப்பட்டு எடுத்து வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஜிசிஎஸ்இ இலக்கியத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் ஒன்றை முழுதாகப் படித்தே ஆக வேண்டும் என்பது அரசு வகுத்த விதி. 2013 இறுதியில் புதிய பாடத்திட்டம் வெளியானது. 2015 செப்டம்பரில் பள்ளிகளில் நடத்தத் தொடங்கினார்கள், 2017 கோடையில் முதல் தேர்வு நடந்தது. அதற்கு முன்பு நிறையப் பள்ளிகளில் அமெரிக்க நாவல்கள்தான் ஓடின. புதிய பாடத்திட்டம் வந்ததும் அவை ஜிசிஎஸ்இ பட்டியலிலிருந்து போய்விட்டன. ஏ.க்யூ.ஏ. தேர்வு வாரியத்தின் பட்டியலில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ஏழு நாவல்கள் இருக்கின்றன. டிக்கன்ஸ், ஜேன் ஆஸ்டின், சார்லட் பிரான்ட்டி, மேரி ஷெல்லி, கோனன் டாயில், ஸ்டீவன்சன் எல்லாரும் உண்டு. அதில் சில நாவல்கள் தலையணை மாதிரி தடிமனாக இருக்கும். இரண்டு வருடத்தில் ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம், ஒரு நவீன நாடகமோ நாவலோ, கவிதைத் தொகுப்பு எல்லாவற்றையும் முடித்தாக வேண்டிய பள்ளி, சின்ன புத்தகமாகத்தான் தேடும். ஸ்டீவன்சனின் இந்த நாவல் பத்தே அத்தியாயம். பெரும்பாலும் அதற்காகத்தான் இது வகுப்புக்கு வருகிறது. நல்ல புத்தகம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பதினைந்து வயதுப் பையனின் ரசனையை மனதில் வைத்து யாரும் இதைப் பொறுக்கி எடுக்கவில்லை. அவன் ‘எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்’ என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

நீங்கள் படித்த பொன்னியின் செல்வனோடு இதை ஒப்பிட வேண்டாம். அது 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்த கதை. அடுத்த வாரம் எப்போது வரும் என்று வாசகர் காத்திருக்கும்படியாக எழுதப்பட்டது. நீங்கள் அதை விடுமுறையில், நீங்களாக விரும்பி எடுத்துப் படித்தீர்கள். பிடிக்காத பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போக உங்களுக்குச் சுதந்திரம் இருந்தது. படித்து முடித்த பிறகு ‘நந்தினியின் பாத்திரப் படைப்பை விளக்குக’ என்று யாரும் வினாத்தாளை நீட்டவில்லை. அதே நாவலை ஒரு வருடம் முழுக்க, வாரத்துக்கு நான்கு பக்கமாக, ஒவ்வொரு வரிக்கும் அடிக்கோடிட்டுப் படிக்கச் சொல்லியிருந்தால் வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் உங்களுக்கு அலுத்திருக்கும்.

இப்போது உங்கள் மகனின் ‘போர்’ எந்த வகை என்று பார்ப்போம். மூன்று விஷயங்கள் ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கும், வெளியே எல்லாம் ஒரே மாதிரி தெரியும். வாக்கியம் புரியாமல் தடுக்கி விழுபவனும் போர் என்பான். நடத்தும் விதத்தில் சலித்துப்போனவனும் போர் என்பான். உண்மையிலேயே கதையில் ஏதோ உறுத்துகிற பையனும் அதையேதான் சொல்வான்.

முதல் வகையா என்று கண்டுபிடிப்பது சுலபம். நாவலின் முதல் பக்கத்தை எடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். முதல் வாக்கியமே எப்படி இருக்கிறது பாருங்கள். அட்டர்சன் என்ற வழக்கறிஞரை அறிமுகம் செய்கிறார் ஸ்டீவன்சன்: சிரிப்பு ஒருபோதும் எட்டிப் பார்க்காத கரடுமுரடான முகம், பேச்சில் சில்லிப்பும் சிக்கனமும் கூச்சமும், உணர்ச்சியைக் காட்டுவதில் பின்வாங்கல், ஒல்லியாய், நெடுநெடுவென்று, தூசு படிந்தாற்போல், களையில்லாமல், ஆனாலும் எப்படியோ அன்பு கொள்ளத் தோன்றுகிற மனிதர். இத்தனையும் ஒரே வாக்கியத்தில், அரைப்புள்ளி அரைப்புள்ளியாக அடுக்கி வருகிறது. பெரிய மனது வைத்து இந்த வாக்கியத்தைத் தாண்டினால் உயில், விருந்து, ஒயின் என்று 1880களின் லண்டன் கனவான்களின் உலகம் வரும். பெட்டி பெட்டியாகப் படத்தில் கதை பாயும் மங்காவுக்குப் பழகிய கண் இந்த இடத்தில் தடுமாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அரைப்புள்ளி வரும் இடத்திலெல்லாம் அவன் மூச்சு விடாமல் ஓடி, வாக்கியத்தின் முடிவில் முதல் பாதியை மறந்துபோகிறான் என்றால், நாவலைப் பிடிக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கும் நிலைக்கே அவன் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

அப்படியானால் அதற்கு வைத்தியம் உண்டு, பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. எளிதான புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கும்போதும் திணறுகிறான், வரி தவறுகிறது, தலை வலிக்கிறது என்கிறான் என்றால் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். பள்ளியில் சிறப்புத் தேவைகளுக்கான ஒருங்கிணைப்பாளர் இருப்பார், சென்கோ என்பார்கள். அவரைப் பார்க்க நேரம் கேளுங்கள். டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புச் சிரமம் பதினைந்து வயது வரை யார் கண்ணிலும் படாமல் போவது உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள் சமாளித்துக்கொண்டே வந்துவிடுவார்கள். கால்பந்து வீரர்களின் புத்தகங்களை அவன் சரளமாகப் படிக்கிறான் என்றால் இந்தக் கவலை வேண்டாம்.

இரண்டாவது வகை, நடத்தும் விதம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் அனுபவத்தில் பாதிப் பிள்ளைகளின் வெறுப்பு இங்கேதான் முளைக்கிறது.

இந்தக் கதை எழுதப்பட்டபோது இது ஒரு மர்மக் கதை. 1885இல் போர்ன்மத் நகரில், நுரையீரல் நோயோடு படுக்கையில் கிடந்தபடி ஸ்டீவன்சன் இதை எழுதினார். பணமும் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் சீசனில் ஒரு ஷில்லிங்குக்கு விற்ற திகில் புத்தகங்கள் வரிசையில் இதைக் கொண்டுவரத் திட்டம். கடைகளில் ஏற்கெனவே புத்தகங்கள் நிரம்பியிருந்ததால் 1886 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. நம் ஊர் ரயில் நிலையக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருக்கும் மாத நாவல் மாதிரிதான் இது கடைக்கு வந்தது. அன்று வாங்கிய வாசகருக்கு ஜெகில் யார், ஹைட் யார் என்று தெரியாது. மரியாதைக்குரிய ஒரு டாக்டர், ஒரு கொடூரனுக்கு ஏன் சொத்தை எழுதி வைக்கிறார்? மிரட்டிப் பணம் பறிக்கிறானா? ஊருக்குத் தெரியக்கூடாத உறவு ஏதாவது உண்டா? அட்டர்சனோடு சேர்ந்து வாசகரும் தெருத் தெருவாக நடந்து யோசித்தார். உங்கள் மகன் ‘நடந்துகிட்டே இருக்கான்’ என்று சொல்லும் அதே நடை. இருவரும் ஒருவரேதான் என்ற உண்மை கடைசிக்கு முந்தைய ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் உடைகிறது.

இன்று அந்த ரகசியம் உலகத்துக்கே தெரியும். பெயரே பழமொழி மாதிரி ஆகிவிட்டது. போதாததற்கு வகுப்பில் முதல் நாளே ‘மனிதனின் இரட்டைத்தன்மை’ என்று பலகையில் எழுதிவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பிக்கிறோம். முடிவு தெரிந்த மர்மக் கதையில் எட்டு அத்தியாயம் ஒரு வக்கீல் தலையைச் சொறிந்துகொண்டு அலைவதைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். உங்கள் மகனின் புகார் ரொம்பச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. அவனிடம் இதைச் சொல்லுங்கள். “நீ சொன்னது சரிதான், 1886இல் படிச்சவங்களுக்கு இது தெரியாதுல்ல?” என்று கேட்டுப் பாருங்கள். அவனுக்கு இதுதான் முதல் திறப்பாக இருக்கும். ரகசியம் தெரியாத ஒருவரை வைத்துக்கொண்டு எழுத்தாளர் எங்கெங்கே திசை திருப்புகிறார் என்று அவனே தேட ஆரம்பிக்கலாம். தேர்வுத்தாளில் ‘அமைப்பு’ என்று கேட்பது இதைத்தான்.

இன்னொரு பிரச்சினை வேகம். பள்ளிகளில் ஒரு பத்தி படிப்பது, நிறுத்துவது, மூன்று நிற ஹைலைட்டரால் கோடு போடுவது, கருத்து, ஆதாரம், விளக்கம், இணைப்பு என்ற வரிசையில் ‘பீல்’ பத்தி எழுதுவது, மறுபடி அடுத்த பத்தி என்று போகிறது. பத்தே அத்தியாயக் கதை பல வாரங்களுக்கு இழுக்கும். நாங்கள் இதை விரும்பிச் செய்வதில்லை. புத்தகத்தைத் திறந்து பார்க்க முடியாத தேர்வு என்பதால் மேற்கோள் மனப்பாடம், அதற்கு ஃபிளாஷ் கார்டு என்று எல்லாரும் ஒரு பயத்திலேயே ஓடுகிறோம். ‘குரங்கு போன்ற ஆவேசத்துடன்’ என்று ஹைட் ஒரு முதியவரைக் கொல்லும் வரி நாவலில் வரும். அதை நூறு முறை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகளில் பலர் அந்தக் கொலைக் காட்சியை முழுதாக ஒரு மூச்சில் படித்ததே இல்லை. எனக்கு மனது வலிக்கும் விஷயம் இது. நிலா வெளிச்சம், ஜன்னலோரம் உட்கார்ந்து அமைதியாகக் கனவு கண்டுகொண்டிருக்கும் ஒரு பணிப்பெண், கீழே தெருவில் கண்ணியமாக வழி கேட்கும் வெள்ளைத்தலைப் பெரியவர், திடீரென்று தடியை ஓங்கும் ஹைட், மயங்கி விழும் அந்தப் பெண். இது இரண்டு பக்கம்கூட வராது. தொடர்ந்து படித்தால் முதுகு சிலிர்க்கும். வெட்டி வெட்டிப் படித்தால் மிஞ்சுவது ஃபிளாஷ் கார்டுதான்.

சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இருபது ஆங்கில ஆசிரியர்கள், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கடினமான நாவல்கள் இரண்டை, பன்னிரண்டு வாரத்தில், வகுப்பில் சத்தமாக வேகமாகப் படித்து முடித்தார்கள். நடுநடுவே நிறுத்தி எழுத வைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். முடிவில் அந்தப் பிள்ளைகளின் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் சராசரியாக எட்டரை மாத வளர்ச்சி கண்டிருந்தது. வாசிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கோ பதினாறு மாத வளர்ச்சி. புரியாத பிள்ளைக்கு மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கதையின் முழு ஓட்டம் கிடைத்த பிறகுதான் அவர்களுக்கு வாக்கியமே புரிய ஆரம்பிக்கிறது.

அதனால் தினம் பத்துப் பக்கம் என்ற ஏற்பாட்டை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நீங்கள் அன்போடுதான் செய்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் பள்ளியில் வெட்டிப் படிப்பதை வீட்டிலும் வெட்டிப் படிக்க வைக்கிறீர்கள், கூடவே சண்டையும் சேர்ந்துகொள்கிறது. அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். இந்த நாவலின் ஒலிப்புத்தகம் சுமார் மூன்று மணி நேரம்தான் ஓடும். லிப்ரிவாக்ஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். காசு கொடுத்து வாங்கினால் நல்ல நடிகர்கள் படித்ததும் இருக்கிறது. அவன் கையில் புத்தகம் இருக்கட்டும், கண் வரியைத் தொடரட்டும், காது கேட்கட்டும். நடுவில் எந்தச் சொல்லுக்கும் நிறுத்தி அர்த்தம் பார்க்க வேண்டாம். பேனா, ஹைலைட்டர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஐந்தாம் அத்தியாயம் முடிந்ததும் ஒரு இடைவேளை விட்டு, டீயும் பஜ்ஜியும் கொடுங்கள். முடிந்தால் நீங்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள், கண்காணிப்பதற்காக இல்லாமல் கதைக்காக. உங்களுக்கும் இது புதுக் கதைதானே. உங்களுக்குப் புரியாத இடத்தில் அவனிடம் கேளுங்கள். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருக்கும்போது பிள்ளைகளுக்குப் பேச்சு தானாக வரும்.

முழுதாகக் கேட்டு முடித்த பிறகும் அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால்? அப்போதுதான் மூன்றாவது வகை. எனக்கு மிகவும் பிடித்த வகையும் இதுதான். இப்போது அவன் கருத்துக்கு மதிப்பு வந்துவிட்டது. “சரி, எது பிடிக்கலை? ஒரே ஒரு இடத்தைக் காட்டு” என்று கேளுங்கள்.

என் வகுப்புகளில் பெண் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று: இந்தக் கதையில் பெண்களே இல்லையே. உண்மைதான். மிதிபடும் ஒரு சிறுமி, ஜன்னலில் மயங்கும் பணிப்பெண், ஹைடின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கிழவி, ஜெகில் வீட்டில் அழும் வேலைக்காரப் பெண் என்று ஓரமாக வந்துபோகிறவர்கள்தான். யாருக்கும் பெயர்கூடக் கிடையாது. ஏன் அப்படி? கல்யாணமாகாத பணக்கார ஆண்கள் ஒருவர் ரகசியத்தை ஒருவர் மூடி மறைத்துக்கொண்டு வாழும் உலகத்தைத்தான் ஸ்டீவன்சன் காட்டுகிறார். பெண்கள் இல்லாததும் அந்த மூடிய கதவுகளின் ஒரு பகுதிதான் என்று ஒரு மாணவி எழுதினால், எரிச்சலில் ஆரம்பித்தவள் அருமையான விடையில் வந்து நிற்கிறாள் என்று பொருள்.

உங்கள் மகனுக்கு இன்னொரு இடத்தைக் காட்ட ஆசைப்படுகிறேன். ‘இதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்’ என்று கேட்டானே, அதற்காக. முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. குளிர்கால இரவு, விடியற்காலை மூன்று மணி. தெரு முனையில் எட்டு அல்லது பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஓடி வந்து ஹைடின் மேல் மோதுகிறாள். அவன் அலட்டிக்கொள்ளாமல் அவள் உடம்பை மிதித்துக்கொண்டே நடந்து போகிறான். அதைப் பார்த்த, அட்டர்சனின் உறவினர் என்ஃபீல்ட், அவன் மனிதன் மாதிரியே இல்லை, பாழாய்ப்போன ஜகர்நாட் மாதிரி இருந்தான் என்கிறார். உங்கள் மகனுக்கு இந்தப் பெயர் மார்வெல் காமிக்ஸில் வரும் முரட்டுப் பாத்திரமாகத் தெரிந்திருக்கும். அது நம் பூரி ஜகந்நாதர். தேர்த் திருவிழாவில் பக்தர்கள் சக்கரத்தின் அடியில் விழுந்து சாகிறார்கள் என்று ஆங்கிலேயப் பாதிரிமார்களும் அதிகாரிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதைப் படித்துப் படித்து, எதையும் நசுக்கிக்கொண்டு போகும் பொருளுக்கு இங்கிலாந்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஸ்டீவன்சன் விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. அன்றைய லண்டன் வாசகருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. லண்டனின் நடுத்தெருவில் ஓர் ஆங்கிலேயன் செய்யும் கொடுமையைச் சொல்ல, நம் கோயில் தேரைக் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

இது அவனுக்குக் கோபம் மூட்டலாம். மூட்டட்டும். அந்தக் கோபத்தை அடக்கச் சொல்லாதீர்கள், கொஞ்சம் தோண்டச் சொல்லுங்கள். கொடுமை என்பது வெளியே, தூர தேசத்தில் இருப்பது என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு சமூகம் அது. என்ஃபீல்டும் அப்படித்தான் நினைத்துப் பேசுகிறார். கதை முடியும்போது அந்தக் கொடூரன் எங்கிருந்து வந்தான் என்று தெரிகிறது. அவர்கள் மதிக்கும் டாக்டரின் உடம்புக்குள்ளிருந்தே. எழுத்தாளர் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று அவனும் நீங்களும் சாப்பாட்டு மேசையில் வாதாடலாம். நான் இதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் பேசுகிறேன். நம் பிள்ளைகள் அந்த நாளில் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன்.

தேர்வு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கவலை அதுவும்தான். அவன் பள்ளியில் ஏ.க்யூ.ஏ. வாரியம் என்று வைத்துக்கொள்கிறேன், பெரும்பாலான பள்ளிகளில் அதுதான். முதல் தாளில் ஷேக்ஸ்பியரும் இந்த நாவலும். நாவலுக்கு 30 மதிப்பெண். கதையிலிருந்து ஒரு சிறு பகுதியை வினாத்தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதிலிருந்து தொடங்கி முழு நாவலையும் பற்றி எழுத வேண்டும். அந்த முப்பதில் 12 மதிப்பெண், கதையைப் புரிந்துகொண்டு ஆதாரத்தோடு சொல்லும் கருத்துக்கு. இன்னொரு 12, மொழியையும் வடிவத்தையும் அலசுவதற்கு. மீதி 6, எழுதப்பட்ட காலத்தின் பின்னணிக்கு. முதல் பிரிவுக்கான அரசின் விதியிலேயே, படித்து அறிந்ததன் மேல் எழும் சொந்தக் கருத்து வேண்டும் என்றுதான் இருக்கிறது. நாவலைப் புகழ வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அதே சமயம் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று விமர்சனம் எழுதினாலும் மதிப்பெண் வராது. ‘ஹைடைப் பயங்கரமானவனாக ஸ்டீவன்சன் எப்படிக் காட்டுகிறார்’ என்கிற மாதிரிதான் கேள்வி இருக்கும். மேலே சொன்ன ஜகந்நாதர் இடத்தை எடுத்து, சிறுமியையும் அந்த நிதான நடையையும் பக்கத்தில் வைத்து, விக்டோரியா கால வாசகரின் பயம் எங்கிருந்து வந்தது என்று எழுதினால் மூன்று பிரிவுக்கும் ஒரே பத்தியில் சரக்கு கிடைத்துவிடும். ஏற்கெனவே கோபப்பட்ட இடம் என்பதால் அது அவனுக்கு மறக்கவும் மறக்காது. ஃபிளாஷ் கார்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேவையான மேற்கோள்களை அவனே, அவனுக்கு உறுத்திய இடங்களிலிருந்து பொறுக்கட்டும். பத்துப் பன்னிரண்டு போதும். தேர்வு அடுத்த ஆண்டு மே மாதம்தான். நேரம் இருக்கிறது. இயர் 10 மாக்கில் 3 வாங்கி, கடைசியில் 6, 7 வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். கணக்கை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஆங்கில மொழித் தாளை யாரும் ஒதுக்க முடியாது, ஆறாம் படிவம் என்கிற மேல்நிலைப் படிப்புக்கும், வேலையோடு பயிற்சி தரும் அப்ரெண்டிஸ்ஷிப்புக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஏ.க்யூ.ஏ.வின் அந்த மொழித் தேர்வில், இரண்டாம் தாளிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய, கதையல்லாத உரைநடைப் பகுதி ஒன்று கட்டாயம் வரும். அரைப்புள்ளிகள் நிறைந்த நீண்ட வாக்கியங்களைத் தாண்டப் பழகிய பையனுக்கு அங்கேயும் கை கொடுக்கும்.

டியூஷன் இப்போதைக்கு வேண்டாம். நாவலை ஒருமுறைகூட முழுதாகப் படிக்காத பிள்ளைக்கு டியூஷன் வைத்தால் இன்னும் கொஞ்சம் ஃபிளாஷ் கார்டுதான் கிடைக்கும். அதற்குப் பதில் பள்ளியின் பெற்றோர் சந்திப்பில் அவன் டீச்சரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். அவன் விடைத்தாளில் மதிப்பெண் எங்கே போகிறது, கதை தெரியாததாலா, தெரிந்தும் எழுதத் தெரியாததாலா? மாக் விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்க முடியுமா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால், பிற்பாடு டியூஷன் தேவைப்பட்டாலும் எதற்கு என்று தெரிந்து வைக்கலாம். நாங்கள் ஆசிரியர்கள் இந்தக் கேள்விகளுக்காகக் காத்திருக்கிறோம். பெரும்பாலான பெற்றோர் ‘ஒழுங்காப் படிக்கிறானா’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மங்காவையும் ஃபுட்பால் புத்தகங்களையும் தயவுசெய்து தொடாதீர்கள். ‘ஜெகிலை முடித்தால்தான் அது’ என்று பேரம் பேசவும் வேண்டாம். பேரம் பேசினால் ஒன்று தண்டனை, இன்னொன்று பரிசு என்று அவன் மனதில் பதிந்துபோகும். தேர்வு முடிந்த மறுநாள் தண்டனைப் பக்கத்தை அவன் மறுபடி திறக்கவே மாட்டான். ஒரு பையன் தானாக விரும்பிப் படிக்கும் நேரம் வீட்டில் மிச்சம் இருக்கிறதே, அதை எப்பாடுபட்டாவது காப்பாற்றுங்கள். இந்த நாவலைப் பற்றி எனக்கு உள்ள அக்கறையைவிட அந்த நேரத்தைப் பற்றித்தான் எனக்கு அக்கறை அதிகம். வேண்டுமானால் அவன் படிக்கும் மங்காவில் ஒரு பாகத்தை நீங்களும் எடுத்துப் பாருங்கள். நல்லவனுக்குள் இன்னொருவன் ஒளிந்திருக்கும் கதை அதிலும் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. இருந்தால் அவனே ஜெகிலை இழுத்து வந்து பேசுவான், நீங்கள் ஒப்பிட்டுக் காட்ட வேண்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எனக்கு எழுதுங்கள். அவன் எந்த இடத்தைப் பிடிக்கவில்லை என்று காட்டினான், என்ன காரணம் சொன்னான் என்று அவன் வார்த்தையிலேயே எழுதினால், அதிலிருந்து ஒரு விடையை எப்படி வளர்ப்பது என்று அடுத்த முறை சேர்ந்து பார்ப்போம்.